குளத்தங்கரையில் தட்டான் கணக்கு

மழை பெய்து ஓய்ந்த மாலை வேளையில் வயல்வெளிகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் தட்டான் பூச்சிகள் கூட்டம் கூட்டமாகப் பறப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிறு வயதில் அவற்றைத் துரத்திப் பிடிக்கவும் முயன்றிருப்பீர்கள். தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இவ்வளவு பழக்கமான இந்தப் பூச்சியைப் பற்றி உங்களிடம் ஒரு கேள்வி: உங்கள் ஊர்க் குளத்தில் எத்தனை வகைத் தட்டான்கள் வாழ்கின்றன?

பெரும்பாலோர் இரண்டு அல்லது மூன்று என்பார்கள். சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று, ஊசிபோல் மெலிந்தது ஒன்று என்று விரல் விட்டு எண்ணுவார்கள். ஆனால் ஓரளவு நல்ல நிலையில் இருக்கும் ஊர்க் குளத்தின் கரையில் மழைக்காலம் முழுவதும் பொறுமையாகப் பார்த்து வந்தால் பதினைந்து, இருபது வகைகளைக் கூடக் காண முடியும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும், பென்சிலும், ஒழுங்காகச் சென்று வரும் பழக்கமும் இருந்தால் போதும். அப்படி எண்ணுவது எப்படி, எண்ணுவதால் என்ன பயன் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எண்ண வேண்டியதன் காரணம்

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன என்பது அரசுக் கணக்கு. இவற்றைத் தவிர ஊருணிகள், கோயில் குளங்கள், குட்டைகள் என்று ஏராளமாக இருக்கின்றன. இவற்றில் எவை உயிரோட்டத்துடன் உள்ளன, எவை வெறும் நீர்த் தேக்கமாக மாறிவிட்டன என்பதைக் கரையிலிருந்து ஒரு பார்வையில் சொல்லிவிட முடியாது. தண்ணீர் தெளிவாகத் தெரியும் குளத்தில் பூச்சி மருந்து கலந்திருக்கலாம். கலங்கிய குளத்தில் உயிரினங்கள் செழித்திருக்கலாம்.

நீர்ப் பறவைகளைப் பல நாடுகளில் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் எண்ணுகிறார்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அது மிகவும் பயனுள்ள பணி. எனினும் வலசை வரும் பறவை வேறு நாட்டில் பிறந்து, இங்கே சில மாதங்கள் தங்கி, திரும்பிச் சென்றுவிடுகிறது. ஒரு குளம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த குளத்துக்குப் பறந்து விடும். தட்டானின் கதை வேறு. அது சிறகு முளைப்பதற்கு முன் பல வாரங்கள், சில வகைகளில் பல மாதங்கள், நீருக்குள்ளேயே இருந்து வளர்கிறது. அந்த நாட்களில் அதனால் வேறு இடத்துக்குத் தப்பிச் செல்ல இயலாது. ஆகவே ஒரு குளத்தில் பிறந்து வெளிவரும் தட்டான், அந்தக் குளத்து நீரின் சென்ற சில வாரங்களின் வரலாற்றைச் சுமந்து வருகிறது எனலாம்.

இரு பெரும் பிரிவுகள்

தட்டான்கள் அடங்கிய பூச்சி வரிசைக்கு ‘ஒடோனேட்டா’ என்று பெயர். பல்லுடையவை என்பது அதன் பொருள். 1793-இல் டென்மார்க் நாட்டு அறிஞர் ஃபெப்ரீசியஸ் இப்பெயரைச் சூட்டினார். தாடைகளில் உள்ள கூரிய பற்களே இப்பெயருக்குக் காரணம். உலகில் 6,300-க்கும் மேற்பட்ட சிற்றினங்களும், இந்தியாவில் ஏறத்தாழ 500 சிற்றினங்களும் அறியப்பட்டுள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் மட்டும் 200-க்கும் மேற்பட்டவை உண்டு.

இவற்றை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரித்துக் கொள்ளலாம். முதலாவது தட்டான். தடித்த உடல், உட்காரும்போது சிறகுகளை இருபுறமும் விரித்தே வைத்திருக்கும், பின்சிறகு முன்சிறகை விட அகலமானது, பெரிய கண்கள் இரண்டும் பெரும்பாலும் தலையின் உச்சியில் ஒன்றையொன்று தொட்டுக் கொண்டிருக்கும். இரண்டாவது ஊசித் தட்டான். பெயருக்கேற்ப ஊசிபோன்ற மெல்லிய உடல். நான்கு சிறகுகளும் ஒரே அளவு. உட்காரும்போது பெரும்பாலானவை சிறகுகளை முதுகின் மேல் மூடிக்கொள்ளும். கண்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகித் தலையின் இரு ஓரங்களிலும் இருக்கும்.

சில ஊர்களில் இவ்விரண்டையும் தும்பி என்றும் அழைப்பார்கள். சங்கப் பாடல்களில் வரும் தும்பி வண்டினத்தைக் குறிப்பது. ஆகவே குழப்பத்தைத் தவிர்க்க இக்கட்டுரையில் தட்டான், ஊசித் தட்டான் என்ற சொற்களையே பயன்படுத்துவோம்.

நீருக்குள் ஒரு வாழ்க்கை

பெண் தட்டான் வயிற்றின் நுனியால் நீர்ப்பரப்பைத் தொட்டுத் தொட்டுப் பறப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது தண்ணீர் குடிக்கவில்லை, முட்டையிடுகிறது. ஊசித் தட்டான்கள் முட்டைகளை நீரில் உதிர்ப்பதில்லை. நீர்ச் செடியின் தண்டைக் கீறி, அதன் சதைக்குள் முட்டையைச் செருகி வைக்கின்றன. எனவே செடியே இல்லாத குளம் அவற்றுக்குப் பயன்படாது. இச்செய்தியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு தட்டானைப் போலவே இராது. பழுப்பு நிறத்தில், சிறகின்றி, சேற்றிலும் பாசியிலும் பதுங்கி வாழும். அதன் கீழுதடு முழங்கை போல மடங்கி முகத்தின் அடியில் ஒடுங்கியிருக்கும். இரை அருகில் வந்ததும் கண் இமைக்கும் நேரத்திற்குள் அந்த உதடு முன்னால் பாய்ந்து, நுனியிலுள்ள கொக்கிகளால் இரையைப் பற்றி வாய்க்குள் இழுத்துவிடும். தட்டான் குஞ்சு மலக்குடலுக்குள் அமைந்த செவுள்களால் சுவாசிக்கிறது. ஆபத்து வந்தால் அங்குள்ள நீரை வேகமாகப் பீச்சி, அந்த விசையால் முன்னோக்கிப் பாய்கிறது. ஊசித் தட்டானின் குஞ்சுக்கு வால் நுனியில் மூன்று இலை போன்ற செவுள்கள் உண்டு.

இடையிடையே பல தடவை தோலுரித்து வளர்ந்த குஞ்சு, ஒரு நாள் இரவிலோ விடியற்காலையிலோ கோரைத் தண்டின் மேல் ஏறி நீரை விட்டு வெளியே வருகிறது. முதுகுத் தோல் பிளக்கிறது. உள்ளிருந்து தட்டான் வெளிப்பட்டு, கசங்கிய சிறகுகளை விரித்து உலர்த்திக்கொண்டு பறந்து செல்கிறது. பட்டாம்பூச்சிக்கு இருப்பது போன்ற கூட்டுப்புழுப் பருவம் தட்டானுக்கு இல்லை. உரித்துப் போட்ட தோல்கூடு மட்டும் தண்டிலேயே ஒட்டிக் கொண்டிருக்கும்.

கொசுவும் தட்டானும்

நீருக்குள் குஞ்சாக இருக்கும்போது கொசுப் புழுவையும், பறக்கும் பருவத்தில் கொசுவையும் தட்டான் தின்கிறது. பெரிய தட்டான்களின் ஒவ்வொரு கண்ணிலும் சுமார் 30,000 வரை சிறு கண்கள் இருக்கின்றன. நான்கு சிறகுகளையும் தனித்தனியே இயக்க வல்லது. கால்களைக் கூடை போல் வைத்துப் பறந்தபடியே இரையை வாரிக் கொள்கிறது.

மியான்மர் நாட்டின் யாங்கோன் நகரில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிலிப் கார்பெட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வு அது. வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகளில் ஒருவகைச் சிவப்புத் தட்டானின் குஞ்சுகளை மக்களின் ஒத்துழைப்போடு விட்டார்கள். டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்கள் அத்தொட்டிகளில் வெகுவாகக் குறைந்தன. நாளடைவில் கொசுவும் குறைந்தது.

இதைக் கேட்டவுடன், குளத்தில் தட்டான் இருந்தால் ஊரில் டெங்கு வராது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஏடிஸ் கொசு பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, மூடாத குடம் போன்ற சிறு நீர்த்தேக்கங்களில் பெருகுவது. அங்கே தட்டான் தானாக வந்து குடியேறுவது அரிது. யாங்கோனில் மனிதர் கையால் குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்டதால்தான் பலன் கிடைத்தது. வீட்டுத் தண்ணீரை மூடி வைக்கும் வேலையைத் தட்டான் நமக்காகச் செய்துவிடாது.

கணக்கெடுப்புக்கு வேண்டியவை

நோட்டுப் புத்தகம், பென்சில், கடிகாரம் ஆகியவை கட்டாயம் தேவை. பேனா மை நனைந்தால் கலையும், பென்சில் கலையாது. இருநோக்கி இருந்தால் நல்லது. கைப்பேசியில் படம் எடுக்க முடியுமானால் பெயர் தெரியாதவற்றைப் பின்னர் ஒப்பிட்டு அறிய உதவும். பக்கவாட்டிலிருந்து ஒரு படம், முதுகுப் புறத்திலிருந்து ஒரு படம் என இரண்டு எடுங்கள். வலை வேண்டாம். பிடிக்காமலேயே பெரும்பாலான குளத்துத் தட்டான்களை அடையாளம் காணலாம். காப்புக்காடுகளிலும் சரணாலயங்களிலும் கணக்கெடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும்.

மாணவர்கள் தனியாகச் செல்லக் கூடாது. கரை வழுக்கும், கோரைப் புதரில் பாம்பு இருக்கும், வண்டல் மண் காலை உள்ளே இழுக்கும். ஆசிரியரோ பெரியவர் ஒருவரோ உடன் இருக்க வேண்டும். நீரில் இறங்கவே தேவையில்லை.

எங்கே, எப்போது?

குளத்தின் கரையில் இருநூறு அடி எடுத்து வைக்கும் தூரத்தைத் தேர்ந்து கொள்ளுங்கள். அதை ஐம்பது அடிவைப்புக்கு ஒன்றாக நான்கு பகுதிகளாகப் பிரியுங்கள். ஒரு பகுதியில் கோரையும் சம்பும் அடர்ந்திருக்கலாம். இன்னொன்று துணி துவைக்கும் படித்துறையாக இருக்கலாம். மூன்றாவது மதகை ஒட்டியதாகவும், நான்காவது மர நிழலாகவும் இருக்கலாம். அழகான இடத்தை மட்டும் தேர்ந்தெடுப்பது தவறு. குளம் எப்படி இருக்கிறதோ அப்படியே நம் பாதையும் இருக்க வேண்டும். ஒரு முறை தேர்ந்த பாதையை ஆண்டு முழுவதும் மாற்றக் கூடாது.

காலை ஒன்பதரை மணியிலிருந்து நண்பகல் வரை ஏற்ற நேரம். வெயில் இருக்க வேண்டும். பலத்த காற்றோ மழையோ இருக்கக் கூடாது. தட்டான் உடல் சூடேறினால்தான் நன்றாகப் பறக்கும். கடும் வெயிலில் சில வகைகள் வயிற்றுப் பகுதியை வானை நோக்கிச் செங்குத்தாக உயர்த்தி நிற்பதைக் காணலாம். வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ள அவை கையாளும் வழி அது. அந்த அளவுக்கு வெயில் ஏறிவிட்டால் பல வகைகள் நிழலுக்குள் சென்றுவிடும், கணக்கு குறையும்.

பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை செல்வது நலம். வடகிழக்குப் பருவ மழை பெறும் மாவட்டங்களில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரையும், தென்மேற்குப் பருவ மழை பெறும் இடங்களில் ஜூன் முதல் நவம்பர் வரையும் தவறாமல் செல்லுங்கள். அந்தி நேரத்தில் மட்டும் சுறுசுறுப்பாகப் பறக்கும் வகைகளும் உண்டு. அவற்றுக்காக மாதம் ஒரு மாலை தனியாகச் சென்று, அந்தக் கணக்கைத் தனியாக எழுதி வையுங்கள்.

நடந்து எண்ணும் முறை

பாதையில் மெதுவாக நடங்கள். கரைப் பக்கம் இரண்டு மீட்டர், நீர்ப் பக்கம் மூன்று மீட்டர் அகலத்துக்குள் தென்படுபவற்றை மட்டும் எண்ணுங்கள். முன்னால் உள்ளதை எண்ணுங்கள். கடந்து வந்த பின் முதுகுக்குப் பின்னால் பறப்பதை எண்ணாதீர்கள். ஒரே தட்டான் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும் இயல்புடையது. ஆகவே நின்ற இடத்தில் அரைமணி நேரம் எண்ணினால் ஒன்றே பத்தாகிவிடும்.

மிக அதிகமாக இருக்கும்போது ஒவ்வொன்றாக எண்ண முடியாது. அப்போது 1, 2 முதல் 5, 6 முதல் 20, 21 முதல் 100, நூற்றுக்கு மேல் என்ற ஐந்து படிகளில் ஒன்றைக் குறித்தால் போதும். இணைந்து பறக்கும் சோடியை இரண்டாக எண்ணி, பக்கத்தில் ‘சோடி’ என்று எழுதுங்கள். முட்டையிடுவதைப் பார்த்தால் அதையும் எழுதுங்கள். நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், வெயில், காற்று, நீர்மட்டம், கரையில் நடக்கும் வேலை ஆகியவை ஒவ்வொரு முறையும் இடம்பெற வேண்டும். ஒன்றும் தென்படாத நாளில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுத மறக்கக் கூடாது. எழுதாமல் விட்ட நாளும் ஒன்றுமில்லாத நாளும் பிற்காலத்தில் ஒன்றுபோல் தோன்றிவிடும்.

முதலில் அறிய வேண்டிய சில

எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்க முயன்றால் சலிப்பே மிஞ்சும். கீழ்க்கண்டவற்றில் தொடங்குங்கள்.

ஆரஞ்சு நிறச் சிறகுகளுடன் நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்வாகப் பறப்பது ‘பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா’வின் ஆண். பெண்ணின் சிறகில் இந்த நிறம் இராது. சாக்கடை கலந்த நீரையும் தாங்கிக் கொள்ளும் வகை இது.

முழு உடலும் இரத்தச் சிவப்பாக இருப்பது ‘குரோகோதெமிஸ் செர்விலியா’வின் ஆண். யாங்கோன் சோதனையில் பயன்பட்டது இதன் குஞ்சுகளே. பெண் மஞ்சள் நிறம். சிவப்புத் தட்டான்கள் வேறு சிலவும் உண்டாகையால் படத்துடன் ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள்.

பச்சையும் கறுப்புமான வரிகளுடன், நடுவில் ஒடுங்கிய வயிறு கொண்டது ‘ஆர்த்தெட்ரம் சபைனா’. தன்னை ஒத்த தட்டான்களையே பிடித்துத் தின்னும் முரடன் இது.

மஞ்சளும் கறுப்பும் கலந்த அகன்ற சிறகுகளால் பட்டாம்பூச்சி போல மிதப்பது ‘ரையோதெமிஸ் வேரிகேட்டா’.

கருங்கல்லின் நிறத்தில் சுவரிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கே புலப்படாமல் இருப்பது ‘பிராடினோபைகா ஜெமினேட்டா’. இது சிமெண்ட் தொட்டியிலும் பாறைக் குழி நீரிலும் கூடப் பெருகும்.

மஞ்சள் வயிறும் பசுமை கலந்த மார்பும் உடைய ஊசித் தட்டான் ‘செரியாக்ரியன் கோரமாண்டலியானம்’. நம் சோழமண்டலக் கரையின் பெயரைத் தாங்கியது. 1798-இல் ஃபெப்ரீசியஸ் இதற்கு இப்பெயரிட்டார்.

புல் நுனியில் தேடிப் பார்த்தால் மட்டுமே தென்படும் மிகச் சிறிய ஊசித் தட்டான் ‘அக்ரியோக்னெமிஸ் பிக்மியா’. இதைக் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் கண் பழகிவிட்டது என்று கொள்ளலாம்.

ஆணும் பெண்ணும் வெவ்வேறு நிறம் என்பதையும், இளம் ஆண்கள் பெண்ணைப் போலவே இருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். புதிதாகப் பழகுவோர் ஒரே சிற்றினத்தை மூன்றாக எழுதிவிடுவது இதனால்தான். ஐயம் இருந்தால் ‘தெரியாத சிவப்பு’, ‘தெரியாத ஊசி’ என்றே எழுதுங்கள். தவறான பெயரைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

வானத்தில் ஆயிரம், குளத்தில்?

மழைக்குப் பின் திடலின் மேல் ஆயிரக்கணக்கில் பறக்கும் மஞ்சள் தட்டான் பெரும்பாலும் ‘பாண்டலா ஃபிளாவெசென்ஸ்’ என்பதாக இருக்கும். மழை நீர் தேங்கிய தற்காலிகக் குட்டையில் முட்டையிட்டு, ஆறேழு வாரங்களிலேயே வளர்ந்துவிடக் கூடிய வகை இது. மாலத்தீவுகளில் அக்டோபர் மாதம் தொடங்கி இவை பெருங்கூட்டமாக வந்து இறங்குவதைக் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன் என்னும் கடல் உயிரியலாளர், இவை இந்தியாவிலிருந்து புறப்பட்டு, பருவக் காற்றின் துணையுடன் கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்கின்றன என்ற கருத்தை 2009-இல் வெளியிட்டார். மாலத்தீவில் சேகரித்த தட்டான்களின் சிறகில் உள்ள ஐசோடோப்புகளை ஆராய்ந்தவர்கள், அவை இந்தியாவின் வடபகுதியிலோ அதற்கும் அப்பாலோ பிறந்தவை என்று 2012-இல் எழுதினார்கள்.

நம் கணக்குக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. குளத்தின் மேல் ஆயிரம் தட்டான் பறப்பதால் குளம் நலமாக உள்ளது என்று கூற முடியாது. அவை எங்கோ பிறந்து வழிப்போக்கராக வந்தவையாக இருக்கலாம். ஊசித் தட்டான்கள் பலவீனமாகப் பறப்பவை. பெரும்பாலும் பிறந்த நீரை விட்டு வெகுதூரம் செல்லாதவை. குளத்தைப் பற்றிச் சொல்வதில் அவற்றின் சாட்சியம் எடை மிகுந்தது.

அதனினும் எடை மிகுந்தது தண்டில் ஒட்டிய தோல்கூடு. ஒரு தோல்கூடு கிடைத்தால் ஒரு தட்டான் முட்டை முதல் முடிவு வரை அந்நீரிலேயே வளர்ந்தது என்பது உறுதியாகிறது. உள்ளே வெள்ளை நூல் போன்று தெரிவது மூச்சுக் குழல்களின் உட்தோல். பூச்சி பறந்து போய்விட்டபடியால் தோல்கூட்டைத் தாராளமாக எடுத்து, தீப்பெட்டியில் நாளும் இடமும் எழுதிய சீட்டுடன் சேர்த்து வைக்கலாம்.

காணாததும் இல்லாததும்

ஒரு சிற்றினம் குளத்தில் இருந்தும், நாம் சென்ற நாளில் கண்ணில் படாமல் போகலாம். இருப்பதைக் காண்பதற்கான வாய்ப்பு ஒவ்வொரு முறையும் பாதி என்று வைத்துக்கொள்வோம். ஒரே முறை சென்றால் தவறவிடும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. மூன்று முறை சென்றும் தவறவிடும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஐந்து முறை சென்றால் முப்பத்திரண்டில் ஒன்று. ஆகவே ஒரே நாள் பார்த்துவிட்டு ‘இந்த வகை அழிந்துவிட்டது’ என்று எழுதுவது பிழை. மீண்டும் மீண்டும் செல்வதே கணக்கெடுப்பின் உயிர்நாடி.

இனி கணக்கைப் படிக்கும் முறையை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு குளத்தில் முதல் ஆண்டு 14 சிற்றினங்கள் தென்பட்டன. அவற்றில் ஐந்து ஊசித் தட்டான்கள். அதன்பின் குளத்தைத் தூர்வாரி, கோரையை முழுவதும் அகற்றி, சுற்றிலும் செங்குத்தான சிமெண்ட் சுவர் எழுப்பினார்கள். அடுத்த ஆண்டு 6 சிற்றினங்கள். ஊசித் தட்டான் ஒன்று மட்டும். ஆனால் மொத்தத் தலைக்கணக்கோ முன்னைவிட அதிகம்! அழுக்கு நீரைத் தாங்கும் ஆரஞ்சுத் தட்டான் பெருகிவிட்டதே காரணம். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் குளம் முன்னேறிவிட்டது என்பார். வகைகளைப் பார்ப்பவர் நேர்மாறாகச் சொல்வார். முட்டை செருகத் தண்டும், ஏறி வரக் கோரையும் இல்லாமற்போன குளத்தில் ஊசித் தட்டான் குறைவதில் வியப்பில்லை.

எனினும் அவசரப்படக் கூடாது. இரண்டாம் ஆண்டில் மழையே குறைவாகப் பெய்திருந்தால்? அதற்காகத்தான் வேலை எதுவும் நடக்காத பக்கத்துக் குளம் ஒன்றையும் அதே நாட்களில் எண்ண வேண்டும். அங்கும் வகைகள் குறைந்திருந்தால் மழையை நோகலாம். அங்கே குறையாமல் இங்கே மட்டும் குறைந்திருந்தால் சுவரையும் தூர்வாரலையும் பற்றிக் கேள்வி கேட்கலாம்.

முன்னோடியும் இன்றைய நிலையும்

நம் நாட்டுத் தட்டான்களைப் பற்றிய பெரும்பணியைச் செய்தவர் எஃப். சி. ஃபிரேசர். இந்திய மருத்துவப் பணியில் இருந்த இராணுவ மருத்துவர். தட்டான் ஆராய்ச்சி அவருடைய தொழிலன்று. 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூலை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் புரட்டிப் பார்க்கிறார்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டே, கண்டதைக் கண்டபடி நாளும் இடமும் குறித்து எழுதி வைப்பவரால் அறிவியலுக்கு எவ்வளவு பயன் என்பதற்கு அவர் ஒரு சான்று.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021 டிசம்பரில் முதன்முறையாக உலகின் தட்டான்களையும் ஊசித் தட்டான்களையும் முழுமையாக மதிப்பிட்டது. மதிப்பிட்ட 6,016 சிற்றினங்களில் நூற்றுக்குப் பதினாறு அழியும் ஆபத்தில் உள்ளன என்று கண்டார்கள். சதுப்பு நிலங்களும் ஓடைகளும் அழிவதே பெருங்காரணம் என்றார்கள். பல சிற்றினங்களைப் பற்றி முடிவு சொல்லப் போதிய செய்தியே கிடைக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. அந்தக் குறையை நிரப்புவது தலைநகரத்து ஆய்வுக் கூடத்தால் மட்டும் ஆகிற காரியமன்று. ஒவ்வொரு குளத்துக்கும் அருகில் ஒருவர் வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தின் பயன்

உங்கள் ஊர்க் குளத்தைச் சீரமைக்கும் திட்டம் ஒரு நாள் வரக்கூடும். அப்போது கிராம சபையிலோ நகராட்சியிலோ, ‘இந்தக் கோரைக் கரையை மட்டும் விட்டு வையுங்கள்’ என்று கேட்கத் தோன்றும். ஏன் என்று கேட்பார்கள். ‘அழகாக இருக்கிறது’ என்ற விடை எடுபடாது. ‘சென்ற இரண்டு ஆண்டுகளில் நாற்பது முறை எண்ணினோம். குளத்தில் உள்ள ஊசித் தட்டான் வகைகளில் பெரும்பாலானவை இந்த ஐம்பது அடிவைப்புத் தூரத்தில்தான் கிடைத்தன. தோல்கூடுகளும் இங்கேதான் கிடைத்தன’ என்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினால், மறுப்பவரும் ஒரு கணம் யோசிப்பார். தூர்வாருவதை எதிர்க்க வேண்டியதில்லை. ஒரு பக்கக் கரையை மட்டும் சரிவாகவும் ஆழம் குறைவாகவும் விட்டு, கோரையையும் அல்லியையும் அங்கே வளரவிட்டால் போதும். ஆகாயத் தாமரை முழு நீரையும் மூடிவிடாமல் பார்த்துக் கொள்வதும் அவசியம்.

வேலை தொடங்கிய பிறகு எண்ண ஆரம்பித்தால், முன்பு என்ன இருந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது. எனவே குளம் இன்று எப்படி இருக்கிறதோ அந்த நிலையிலேயே கணக்கைத் தொடங்க வேண்டும். பள்ளி அறிவியல் மன்றமாக இருந்தால் ஒவ்வொரு ஆண்டும் மாணவர்கள் மாறுவார்கள். நோட்டுப் புத்தகம் மட்டும் பள்ளியிலேயே இருக்கட்டும். பாதையின் வரைபடத்தை முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அப்போதுதான் பின்னர் வருபவரும் அதே இருநூறு அடிவைப்புகளை நடக்க முடியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியதும் உங்கள் குளத்தங்கரைக்குச் சென்று பாருங்கள். முதல் நாளில் நான்கைந்து வகைகளுக்கு மேல் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். நாளையும், நேரத்தையும், கண்டதையும் எழுதிவிட்டு வாருங்கள். பதினைந்து நாள் கழித்து மறுபடியும் செல்லுங்கள்.